முதலில் விழுந்தது எது?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தின் தெற்கு ஓரத்தில், நிபோங் திபாலுக்கு மேற்கே, கடலோரச் சதுப்புக்காட்டை ஒட்டி இருக்கிறது பைராம் தோட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வட்டாரம் முழுக்கக் கரும்பு. பிறகு பால்மரம், அதன்பின் செம்பனை. மூன்றுக்கும் உழைத்தவர்களில் தமிழர் பெரும்பங்கு. அந்தக் குடும்பங்களின் வாரிசுகளில் பலர் இன்று பத்து காவானிலும் பிறையிலும் பாயான் லெப்பாசிலும் தொழிற்சாலை டெக்னீஷியன்கள். தாத்தா வெட்டுக்கத்தி பிடித்தார். பேரன் கன்ட்ரோல் பேனலைத் திறந்து, உள்ளே மின்னும் சிறு விளக்குகளைப் பார்த்து, எந்தக் கருவி உயிரோடு இருக்கிறது என்று சொல்கிறான்.

அந்தப் பேரனின் வேலையில் அடங்கியிருக்கும் இரண்டு கேள்விகளைப் பற்றியது இக்கட்டுரை. இந்தக் கருவி இப்போது பேசிக்கொண்டுதான் இருக்கிறதா? அது சொல்லும் நேரம் சரியா? கேட்பதற்கு எளியவை. ஆனால் ஆலை ஒன்று திடீரென நின்றுபோய், காரணம் என்ன, பொறுப்பு யாருடையது என்று விசாரணை தொடங்கும்போது எல்லாமே இந்த இரண்டில் போய் நிற்கின்றன.

விளக்கத்துக்காக ஒரு நிகழ்ச்சியை அமைத்துக்கொள்வோம். ஒரு செம்பனை ஆலை, இரவு ஷிப்ட். கட்டுப்பாட்டு அறைக் கணினியின் பதிவு, 2 மணி 13 நிமிடம் 55 நொடிக்கு ஆபரேட்டர் நீராவி வால்வை மூடினார் என்கிறது. கொதிகலனை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியான பி.எல்.சி., 2:14:07-க்கு அழுத்தம் விழுந்தது என்கிறது. டர்பைன் கட்டுப்பாட்டுக் கருவி, 2:14:10-க்குத் தான் நின்றதாகச் சொல்கிறது. மூன்றையும் வரிசையாக வைத்தால் தீர்ப்பு தயார்: வால்வை மூடியவர் கெடுத்தார். ஆனால் கட்டுப்பாட்டு அறைக் கணினியின் கடிகாரம் 20 நொடி பின்தங்கி இருந்திருந்தால், அவர் வால்வை மூடியது உண்மையில் 2:14:15-க்கு. அதாவது கொதிகலனில் முதலில் கோளாறு, அடுத்து டர்பைன் நின்றது, அதற்குப் பிறகுதான் அவர் கை வால்வுக்குப் போனது. செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தவர் குற்றவாளியாகி நிற்கிறார்.

இதனால்தான் தொடர்பு நிலையையும் கடிகார ஒத்திசைவையும் பராமரிப்புப் பட்டியலின் கடைசி வரியில் தள்ளிவிடக் கூடாது என்கிறேன். எந்திரத்தின் பாதுகாப்போடு, அதன் முன்னால் நிற்கும் ஆளின் நியாயமும் இவற்றில்தான் இருக்கிறது.

பதில் வராதபோது

தொழிற்சாலைக் கருவிகள் பேசிக்கொள்ளும் முறைகளில் மிகப் பழையவற்றில் ஒன்று, இன்னும் எங்கும் காணக்கூடியது, மோட்பஸ். 1979-இல் மோடிகான் நிறுவனம் வெளியிட்டது. தோட்டத்துப் பெரட்டில் பெயர் கூப்பிடுவதைப் போன்ற முறை: தலைமைக் கருவி ஒவ்வொன்றாக அழைக்கும், அழைக்கப்பட்டது மட்டும் பதில் சொல்லும். பதில் வராவிட்டால் சற்றுப் பொறுத்து மறுபடி கேட்கும். சில முறை கேட்டும் வராவிட்டால் அந்தக் கருவி இல்லை என்று குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போகும். இந்த முறையில் பதிலோடு நேரம் வராது. அந்த மதிப்பு நம்பத்தக்கதா என்ற குறிப்பும் வராது. வருவது வெறும் எண். 87 என்று வந்தால் 87 தான். அது எப்போதைய 87 என்பதைப் பெறுகிறவர்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தொடர்பு அறுந்தால் திரையில் என்ன தெரியும்? கருவிகளின் மதிப்புகளைத் திரட்டித் திரையில் காட்டும் ஸ்காடா அமைப்புகள் பலவற்றில், தனியே அமைத்துக் கொடுக்காவிட்டால், கடைசியாக வந்த எண் அப்படியே நிற்கும். அதே நிறம், அதே இடம். தொட்டியின் மட்டம் 87 விழுக்காடு என்று காட்டிக்கொண்டே இருக்கும். தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருக்கலாம், வற்றிப் போயும் இருக்கலாம். தவறான எண் வந்தால் அனுபவமுள்ள ஆபரேட்டர் சந்தேகப்படுவார். உறைந்துபோன சரியான எண் யாருக்கும் சந்தேகம் தராது. என் கணிப்பில் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் ஆபத்துகளில் இதுவே பெரியது.

பிற்கால நெறிமுறைகள் இதற்கு வழி செய்தன. மின்துறையில் பரவலாக உள்ள ஐ.இ.சி. 60870-5-104 முறையில், இரு பக்கமும் 20 நொடி பேச்சே இல்லாமல் இருந்தால் ஒரு சோதனைச் செய்தி போக வேண்டும். 15 நொடிக்குள் பதில் வராவிட்டால் இணைப்பை அறுத்துவிட வேண்டும். இந்த எண்களை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் தொடக்க அளவு இதுதான். துணைமின்நிலையங்களுக்கான ஐ.இ.சி. 61850-இல் உள்ள கூஸ் செய்திகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. மாற்றம் எதுவும் இல்லாத நேரத்திலும் அவை தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு செய்தியும், அடுத்தது எவ்வளவு நேரத்துக்குள் வர வேண்டும் என்பதைத் தானே சொல்லிவிட்டுப் போகும். அந்தக் கெடு தாண்டினால் பெறும் கருவி தன் நண்பனைக் காணவில்லை என்று அறிந்துகொள்ளும். வரிசை எண்ணும் உண்டு; நடுவில் ஒன்று தவறினாலும் தெரியும்.

மதிப்பு மாறினால் மட்டும் சொல்வது என்ற இன்னொரு முறை கம்பியின் சுமையைக் குறைக்க வந்தது. அதற்குக் கொடுத்த விலை: பேச்சில்லாத நேரத்துக்கு இரண்டு பொருள் உண்டாகிவிட்டது: எல்லாம் நலம், அல்லது எல்லாம் போயிற்று. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் நாடித்துடிப்புச் செய்தி வேண்டும். ஒரு பி.எல்.சி. நொடிக்கு ஒரு முறை ஓர் எண்ணைக் கூட்டிக்கொண்டே போகிறது. எதிர்ப்பக்கம் அந்த எண் மாறுகிறதா என்று பார்க்கிறது. எளிய உத்தி, செலவே இல்லை. ஆனால் இதை ஒரு பக்கம் மட்டும் வைத்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். பம்பிலிருந்து செய்தி வருகிறது என்று கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. கட்டுப்பாட்டு அறை இல்லாமல் போனால் பம்புக்கும் தெரிய வேண்டும். அப்போது என்ன செய்வது என்று பம்புக்கு முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டும்: நிற்பதா, ஓடிக்கொண்டே இருப்பதா. இந்த முடிவை எந்தக் கருவி விற்பனையாளரும் எடுக்க முடியாது. அந்த ஆலையை அறிந்தவர் எடுக்க வேண்டியது.

தொடர்பு நிலை என்பதும் ஒரே நிலை அல்ல. கம்பி இணைந்திருக்கிறதா என்பதைச் சாக்கெட்டின் பச்சை விளக்கு சொல்லும். இணைப்பு திறந்திருக்கிறதா என்பதை நெறிமுறை சொல்லும். உள்ளே நிரல் ஓடுகிறதா, சென்சார் உண்மையிலேயே புதிதாக அளந்திருக்கிறதா என்பதை இவை இரண்டும் சொல்லாது. நிரல் நின்றுபோன பி.எல்.சி.யின் பச்சை விளக்கும் எரிந்துகொண்டுதான் இருக்கும்.

இதைவிட நயமான பொறி, இடையில் உட்கார்ந்திருக்கும் கேட்வே. பழைய தொடர்வழிக் கருவிகளைப் புதிய ஈதர்நெட்டோடு இணைக்க இந்தப் பெட்டிகளை வைக்கிறோம். சில வகை கேட்வேக்கள் பின்னால் உள்ள கருவிகளைத் தாமே கேட்டு, பதில்களைத் தம் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, மேலே இருந்து யார் கேட்டாலும் அங்கிருந்து எடுத்துக் கொடுக்கும். பின்னால் உள்ள மீட்டர் செத்துப் பல மணி நேரமான பிறகும் மேலே பதில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும். கேட்பவருக்குத் தொடர்பு முழு நலம். கேட்வேக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு கருவியின் நிலையையும் தனியே மேலே கொண்டுவராத அமைப்பை முடிந்த வேலையாக ஏற்கவே கூடாது. இரட்டை வழி அமைப்பிலும் இதே கதை. ஒரு கம்பி போனால் மறு கம்பி தாங்கும் என்று இரண்டு போடுகிறோம். ஒன்று போனதை யாரும் கவனிக்காவிட்டால், அன்று முதல் நம்மிடம் இருப்பது ஒரே கம்பிதான். இரண்டாவது அறும் நாளில்தான் முதலாவது என்றோ அறுந்தது தெரியவரும்.

பேச்சு நின்றதையே அறியாமல் போனதன் விலை என்ன என்பதை 2003 ஆகஸ்ட் 14 உலகுக்குக் காட்டியது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு மின்நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் பிற்பகல் 2:14-க்குப் பிறகு அலாரம் மென்பொருள் நின்றுபோனது. நின்றுவிட்டேன் என்று அது சொல்லவில்லை. ஆபரேட்டர்கள் அலாரம் வராததை அமைதி என்று எடுத்துக்கொண்டார்கள். வெளியே உயர் அழுத்த மின்பாதைகள் மரங்களில் பட்டு ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. மாலை 4 மணி கடந்த சில நிமிடங்களில் வடகிழக்கு அமெரிக்காவும் கனடாவின் ஒண்டாரியோவும் இருண்டன. பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 5 கோடி பேர்.

பேச்சைத் திட்டமிட்டு அறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு உக்ரேன் சாட்சி. 2015 டிசம்பர் 23 அன்று மூன்று மின்விநியோக நிறுவனங்களின் கணினி வலைகளுக்குள் புகுந்தவர்கள், மின்சுற்றைத் துண்டிக்கும் பிரேக்கர்களைத் திறந்துவிட்டதோடு நிற்கவில்லை. துணைமின்நிலையங்களில் இருந்த தொடர்வழி–ஈதர்நெட் மாற்றிகளின் உள்நிரலையும் அழித்தார்கள். கட்டுப்பாட்டு அறையின் கட்டளை போய்ச்சேர வழியே இல்லை. சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. ஆட்கள் நேரில் போய்க் கையால் பிரேக்கர்களைப் போட்டு மீட்டார்கள். உள்ளங்கை அளவுப் பெட்டி என்று யாரும் பொருட்படுத்தாத இடத்தில் அடி விழுந்தது.

பிசகும் கடிகாரங்கள்

2003 இருட்டடிப்பு இன்னொரு பாடத்தையும் விட்டுச்சென்றது. விசாரணைக் குழுவிடம் பதிவுகளுக்குக் குறைவில்லை, ஆயிரக்கணக்கில் இருந்தன. ஆனால் பல பதிவுக் கருவிகளின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எது முதலில் விழுந்தது என்று கண்டுபிடிக்க, ஒரு பதிவை மற்றொன்றோடு ஒப்பிட்டு வரிசையைக் கட்டியெழுப்பும் வேலைக்கே பெரும் உழைப்பு போனது. அதன்பின் வட அமெரிக்காவில் வந்த விதி, இடையூறு பதிவுக் கருவிகள் உலகப் பொது நேரமான யு.டி.சி.க்கு 2 மில்லி நொடிக்குள் ஒத்திருக்க வேண்டும் என்றது.

கடிகாரம் ஏன் பிசகுகிறது? கருவிக்குள் இருப்பது ஒரு குவார்ட்ஸ் படிகம். பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிழை என்பது சாதாரணத் தரம். கணக்குப் போட்டால் நாளுக்கு 1.7 நொடி, மாதத்துக்கு 50 நொடிக்கு மேல். நான் மேலே சொன்ன 20 நொடிப் பிழைக்கு 12 நாள் யாரும் சரிபார்க்காமல் விட்டாலே போதும். வெப்பம் இதை மோசமாக்குகிறது. கருவிகளில் வழக்கமாக வரும் 32,768 ஹெர்ட்ஸ் படிகம் 25 பாகை செல்சியசில் நன்றாக ஓடும்படி செய்யப்பட்டது. அதிலிருந்து வெப்பம் விலக விலக, விலகலின் இருமடிப் பெருக்கத்துக்கு ஏற்ப மெதுவாகும். கொதிகலன் அருகே, வெயில் படும் தகரப் பெட்டிக்குள் 55 பாகை சூட்டில் அது பத்து லட்சத்துக்கு 30 பங்கு பின்தங்கும், நாளுக்கு 2.6 நொடி. ஆண்டு முழுதும் புழுங்கும் நம் நாட்டில் தொழிற்சாலைப் பெட்டிகளின் கடிகாரங்கள் பெரும்பாலும் பின்தங்கும் பக்கமே சாய்வது இதனால்தான். குளிரூட்டிய அறையில் உள்ள கருவியும் கொதிகலன் பக்கத்துக் கருவியும் ஒரே நாளில் ஒரே நேரத்துக்குத் திருத்தப்பட்டாலும் ஒன்றாக நிற்கப்போவதில்லை.

பேட்டரி தீர்ந்த கருவியின் நிலை வேறு. மின்சாரம் போய் வந்ததும் அது 1970 அல்லது 2000 என்று ஏதோ ஓர் ஆண்டின் முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்கும். இது ஒருவகையில் நல்லது. அபத்தமான தேதி யார் கண்ணுக்கும் படும். மூன்று நொடிப் பிழை யார் கண்ணுக்கும் படாது.

இதோடு நேர வலயம் என்ற பழைய சிக்கலும் இருக்கிறது. மலாயாவின் கடிகாரம் எத்தனை முறை மாறியது என்பதை இன்றைய இளைஞர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். 1905-இல் கிரீன்விச்சுக்கு 7 மணி முன்னால் என்று ஒரே சீராக வைத்தார்கள். 1933-இல் அதோடு 20 நிமிடம் கூட்டினார்கள். 1941-இல் ஏழரை மணி ஆனது. ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரம். போருக்குப் பின் மீண்டும் ஏழரை. 1982 ஜனவரி 1 முதல், சபா சரவாக்கோடு ஒன்றாக இருக்க, தீபகற்பம் அரை மணி முன்னேறி 8 மணிக்குப் போனது. அதனால்தான் பைராம் தோட்டத்தில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் சராசரியாக 1 மணி 18 நிமிடம் காட்டுகிறது. வலயம் என்பது அரசாங்கத்தின் முடிவு. எப்போது வேண்டுமானாலும் மாறலாம். ஆகவே கருவிகள் தமக்குள் யு.டி.சி.யிலேயே ஓட வேண்டும், உள்ளூர் நேரம் திரையில் காட்டும்போது மட்டும் வர வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் எந்திரங்களில் ஒன்று ஜெர்மன் நேரத்திலும் மற்றொன்று ஜப்பானிய நேரத்திலும் பதிவு வைத்துக்கொண்டிருக்க, நடுவில் டெக்னீஷியன் விரல்விட்டுக் கணக்குப் போடும் நிலை தேவையற்றது.

ஒத்திசைவுக்கான முறைகளில் பரவலானது என்.டி.பி. பின்னாளில் டெலாவேர் பல்கலைக்கழகப் பேராசிரியரான டேவிட் மில்ஸ் 1985-இல் அதன் முதல் வரையறையை வெளியிட்டார். 2024 ஜனவரியில் காலமாகும்வரை நேரத்தோடே வாழ்ந்தவர். கருவி சர்வரிடம் நேரம் கேட்கிறது; போக எடுத்த நேரமும் வர எடுத்த நேரமும் சமம் என்று கொண்டு, பாதியைக் கழித்துத் தன் கடிகாரத்தைத் திருத்துகிறது. ஆலைக்குள் ஒழுங்கான வலையில் மில்லி நொடி அளவுக்குத் துல்லியம் கிடைக்கும். போகும் வழியில் நெரிசல், வரும் வழி காலி என்றால் பாதி என்ற கணக்கு பொய்க்கும். சர்வர் சரியாக இருந்தும் கருவி பிசகும்.

அடுத்த படி பி.டி.பி. எனப்படும் ஐ.இ.இ.இ. 1588. இதில் பினாங்குக்கு ஒரு தூரத்து உறவு உண்டு. 1972-இல் பாயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியபோது வந்த எட்டு முன்னோடி நிறுவனங்களில் ஒன்று ஹியூலெட்-பேக்கார்ட். 1999-இல் அதன் அளவைக்கருவிப் பிரிவு அஜிலென்ட் ஆனது. 2014-இல் அதிலிருந்து கீசைட் பிரிந்தது. கீசைட்டின் பாயான் லெப்பாஸ் வளாகம் இன்றும் இயங்குகிறது. ஹியூலெட்-பேக்கார்ட்டின், பின்னர் அஜிலென்ட்டின், அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் ஜான் ஐட்சன் செய்த வேலையிலிருந்து பிறந்ததே இந்தத் தரநிலை. 2002-இல் முதல் பதிப்பு வெளிவந்தது. செய்தி வலைக்கம்பியைத் தொடும் கணத்தையே வன்பொருள் குறித்துக்கொள்வதும், வழியில் உள்ள சுவிட்சுகள் தம்மிடம் செய்தி தங்கிய நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதும் அதன் சூட்சுமம். மின்துறைக்கான அதன் வடிவம், 2016-இல் வந்த ஐ.இ.சி. 61850-9-3, 1 மைக்ரோ நொடி துல்லியத்தை இலக்காக வைக்கிறது. துணைமின்நிலையங்களில் தனிக் கம்பி வழியே நேரம் அனுப்பும் பழைய ஐரிக்-பி முறையும் இன்னும் உழைக்கிறது. எளியது, நம்பத்தக்கது, அதை அவசரப்பட்டுத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

எல்லாருக்கும் மைக்ரோ நொடி வேண்டுமா? வேண்டாம். செம்பனைக் குலைகளை வேகவைக்கும் ஆலையின் உற்பத்திப் பதிவுக்கு ஒரு நொடி தாராளம். எந்த பிரேக்கர் முதலில் விழுந்தது என்று அறிய ஒரு மில்லி நொடி. மின்னழுத்தத்தின் அலைக்கோணத்தை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தில் உள்ள இடங்களுக்கிடையே ஒப்பிட வேண்டுமானால் இன்னும் கடுமை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 1 மில்லி நொடி என்பது 18 பாகைக் கோணம். அளவீட்டுப் பிழையை 1 விழுக்காட்டுக்குள் வைக்கக் கடிகாரப் பிழை ஏறத்தாழ 32 மைக்ரோ நொடியைத் தாண்டக் கூடாது. மின்பாதையில் கோளாறு எங்கே என்று இரு முனைகளிலும் அலை வந்துசேரும் நேரத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் முறையில், 1 மைக்ரோ நொடிப் பிழை 150 மீட்டர் தூரப் பிழையாகிறது. மழையில் கோபுரம் தேடி நடக்கும் லைன்மேனுக்கு அந்தத் தூரம் பெரிது.

இந்த அலைக்கோண அளவீடுகள் என்ன தரும் என்பதை இந்தியா கண்டது. 2012 ஜூலை 30 அதிகாலை 2:33-க்கு வடக்கு மின்தொகுப்பு விழுந்தது. மறுநாள் பிற்பகல் 1 மணிக்கு வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் விழுந்தன. 60 கோடிக்கும் அதிகமானோர் வாழும் நிலப்பரப்பு அது. ஒத்திசைந்த கடிகாரத்தோடு இயங்கிய சில அளவீட்டுக் கருவிகள் வடக்கில் அப்போதே இருந்தன. சரிவு எப்படி நகர்ந்தது என்று விசாரணைக் குழு பார்க்க அவை உதவின. தமிழ்நாடு உள்ளிட்ட தெற்குத் தொகுப்பு, நேர்மின் இணைப்புகளால் மட்டுமே வடக்கோடு சேர்ந்திருந்ததால் அன்று தப்பியது. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியே தெற்கும் ஒரே அலையில் சேர்ந்தது. இன்று காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை ஒரே துடிப்பு; ஒரே கடிகாரமும் அதனால் முன்னைவிடத் தேவையாகிறது. மலேசியத் தீபகற்பமும் ஒரே தொகுப்புதான். 1996 ஆகஸ்ட் 3 மாலை திரங்கானுவின் பாக்கா மின்நிலையத்துப் பக்கம் தொடங்கிய கோளாறு தீபகற்பம் முழுவதையும் இருட்டாக்கியதை நடுத்தர வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வானத்திலிருந்து வரும் நேரம்

ஆலையின் தலைமைக் கடிகாரம் தன் நேரத்தை எங்கிருந்து எடுக்கிறது? பெரும்பாலும் கூரைமேல் உள்ள ஜி.பி.எஸ். ஆன்டெனாவிலிருந்து. மலிவு, துல்லியம், உலகெங்கும் கிடைப்பது. ஆனால் இடி மின்னல் மிகுந்த நம் நாட்டில் கூரைமேல் நிற்கும் எதற்கும் ஆயுள் குறைவு. மின்னல் தடுப்பு இல்லாத ஆன்டெனா ஒரே மழைக்காலத்தில் போய்விடலாம். வானத்திலும் பிழை வரும். 2016 ஜனவரி 26 அன்று பழைய செயற்கைக்கோள் ஒன்றைச் சேவையிலிருந்து நீக்கியபோது, பல செயற்கைக்கோள்கள் பல மணி நேரம் 13 மைக்ரோ நொடி பிசகிய யு.டி.சி. தகவலை அனுப்பின. உலகின் பல தொலைத்தொடர்பு நிலையங்களில் அலாரம் அடித்தது. வார எண் சுழற்சி இன்னொன்று: ஜி.பி.எஸ். 1,024 வாரங்களை மட்டுமே எண்ணி மறுபடி சுழியத்துக்கு வரும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படி நடந்தது. இதற்குத் தயாராக இல்லாத பெறுவிகள் ஏறத்தாழ இருபது ஆண்டு பின்னால் குதித்தன.

ஆகவே ஒரே மூலத்தை நம்புவது தவறு. நம் நாட்டிலேயே மாற்று இருக்கிறது. சிலாங்கூரின் சாலாக் திங்கியில் உள்ள தேசிய அளவியல் கழகம் சீசிய அணுக்கடிகாரங்களைக் கொண்டு மலேசியத் தர நேரத்தைப் பேணுகிறது, என்.டி.பி. வழியே யாரும் அதைப் பெறலாம். இரண்டு ஜி.பி.எஸ். கடிகாரங்களை மட்டும் வைத்திருக்கும் ஆலை, அவை இரண்டும் முரண்பட்டால் எதை நம்பும்? மூன்றாவது சாட்சி வேண்டும்.

வானத்திலிருந்து வரும் நேரம் நின்றுபோனாலும் தலைமைக் கடிகாரம் தன் உள்படிகத்தைக் கொண்டு சிறிது காலம் தாக்குப்பிடிக்கும். நல்ல படிகமானால் நீண்ட நேரம். இந்த நேரத்தில் அது பேசுவதை நிறுத்தாது. நான் இப்போது நினைவிலிருந்து ஓடுகிறேன் என்று தன் செய்தியில் ஒரு குறிப்பை மாற்றும். கீழே உள்ள கருவிகளும் அப்படியே. டி.என்.பி.3 என்ற தொடர்பு முறையில் எனக்கு நேரம் வேண்டும் என்று கேட்கும் ஒரு பிட் உண்டு. ஐ.இ.சி. 60870 நேரக்குறியில் இந்த நேரம் செல்லாது என்று சொல்ல ஒரு பிட். 61850-இல் கடிகாரம் கெட்டது, கடிகாரம் ஒத்திசையவில்லை என்பதற்குத் தனித்தனிக் குறிப்புகளும் துல்லியம் எவ்வளவு என்பதற்கு ஓர் இடமும். தரநிலை எழுதியவர்கள் எல்லாவற்றுக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். அந்த பிட்டுகள் ஆலையின் தரவுக் களஞ்சியத்துக்குப் போகும் வழியில் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகின்றன. எண்ணும் நேரமும் மட்டும் சேர்கின்றன. நேரத்தின் மேல் இருந்த சந்தேகக் குறி சேர்வதில்லை. பிறகு அதைப் படிப்பவர் ஒவ்வொரு மில்லி நொடியையும் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்.

நேரம் எங்கே குத்தப்படுகிறது என்பதும் அதே அளவு முக்கியம். கருவியே நிகழ்ந்த கணத்தைக் குறித்து அனுப்பினால் தொடர்பு பத்து நிமிடம் அறுந்தாலும், மீண்டதும் சரியான நேரத்தோடு நிகழ்ச்சிகள் வந்துசேரும். மோட்பஸ் வழியில் வரும் எண்ணுக்கு ஸ்காடா கணினி, வந்துசேர்ந்த நேரத்தைக் குத்துகிறது. கேட்கும் சுற்று ஐந்து நொடி என்றால் ஐந்து நொடி வரை பிழை. தொடர்பு தடுமாறிய நேரம் என்றால் இன்னும் அதிகம். கடிகாரம் மைக்ரோ நொடிக்குச் சரியாக இருந்தும் பதிவு பொய்யாகிறது. தொடர்பு நிலையின் வரலாற்றை வைத்திராத ஆலை தன் நேரக்குறிகளையும் நம்ப முடியாது என்பதற்குக் காரணம் இதுவே. இரண்டையும் தனித்தனித் துறையாகப் பார்ப்பதே தவறு.

திருத்தும் முறையிலும் கவனம் வேண்டும். பிசகிய கடிகாரத்தை ஒரே தாவலில் பின்னுக்கு இழுத்தால் ஒரே நொடி இருமுறை வரும். பின்னால் நடந்தது முன்னால் பதிவாகும். சிறு பிழையை மெல்ல மெல்ல ஓட்ட வேகத்தை மாற்றித் திருத்த வேண்டும். பெரிய பிழையானால் தாவத்தான் வேண்டும், ஆனால் இந்த நேரத்தில் இவ்வளவு தாவினேன் என்று பதிவில் ஒரு வரி எழுதிவிட்டுத் தாவ வேண்டும். எந்திரத்தை நிறுத்தவும் ஓட்டவும் பயன்படும் டைமர்கள் சுவர்க்கடிகாரத்தைச் சார்ந்திருக்கவே கூடாது; அவற்றுக்குப் பின்னோக்கிப் போகாத உள் எண்ணி வேண்டும்.

பழி யார்மேல்

தோட்டத்தில் நேரம் நிர்வாகத்தின் கையில் இருந்தது. விடியுமுன் பெரட்டுக்கு மணி அடிக்கும், அடித்ததுதான் நேரம். தாமதமாக வந்தவருக்கு அன்றைய பேர் இல்லை, பேர் இல்லையேல் கூலி இல்லை. மணி சரியான நேரத்துக்கு அடித்ததா என்று கேட்கத் தொழிலாளியிடம் கடிகாரம் இருக்கவில்லை. இன்று தொழிற்சாலையில் மணி இல்லை, பதிவு இருக்கிறது. விசாரணை அறையில் மேலாளர் கையில் இருக்கும் அச்சுத்தாளில் நொடிக்கு மூன்று தசம இடம் வரை நேரம் இருக்கும். இரவு ஷிப்டில் இருந்த டெக்னீஷியனின் வாய்ச்சொல் அதன் முன்னால் நிற்காது. அந்தத் தாள் எந்தக் கடிகாரத்திலிருந்து வந்தது, அது அன்று ஒத்திசைந்து இருந்ததா, தொடர்பு அறாமல் இருந்ததா என்று கேட்கும் உரிமை அவருக்கு வேண்டும். கேட்டால் பதில் சொல்லும் பதிவு ஆலையிடம் இருக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளமும் ஓவர்டைமும் பேசும் மேசையில் இதையும் பேசலாம் என்பது என் உறுதியான கருத்து.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு கேட்பவை அல்ல. ஒவ்வொரு கருவியும் தலைமைக் கடிகாரத்திலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறது என்பதை ஓர் அளவாக எடுத்து, வெப்பத்தையும் அழுத்தத்தையும் பதிவு செய்வதைப் போலவே பதிவு செய்யலாம். விலகல் எல்லை தாண்டினால் அலாரம். தொடர்பு அறுந்த மதிப்பு திரையில் நிறம் மங்கி, கடைசியாக வந்த நேரத்தைக் காட்ட வேண்டும். புதிய அமைப்பை ஒப்புக்கொள்ளும் நாளில், ஒப்பந்தக்காரர் முன்னிலையில் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, திரை என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். ஆன்டெனாவையும் கழற்றிப் பார்க்க வேண்டும். சோதனைகளிலேயே எளியது இதுதான். அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் இதுதான். விபத்து அறிக்கையின் முதல் பக்கத்தில், பதிவு தந்த ஒவ்வொரு கருவியின் கடிகாரப் பிழையும் எழுதப்பட வேண்டும். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுத வேண்டும். அப்படி எழுதப்பட்ட இடத்தில் யாரையும் குற்றம் சாட்ட நொடிகளைச் சான்றாகக் காட்டக் கூடாது.

இன்னொன்று, உடனே கேட்க வேண்டியது. பல கருவிகள் நேரத்தை 1970 முதல் கடந்த நொடிகளாக, 32 பிட் எண்ணில் வைத்திருக்கின்றன. அந்த எண் 2038 ஜனவரி 19 அன்று யு.டி.சி. நேரம் 3:14:07-க்கு நிரம்பிவிடும். மலேசிய நேரம் முற்பகல் 11:14:07. அடுத்த நொடியில், ஏற்பாடு இல்லாத கருவி 1901-க்குப் போகும். தொழிற்சாலைக் கன்ட்ரோல் பேனல் பதினைந்து இருபது ஆண்டு உழைக்கும் பொருள். பத்து காவானில் இப்போது பெட்டி பிரிக்கப்பட்டுப் பொருத்தப்படும் பி.எல்.சி.களும் கேட்வேக்களும் அந்த முற்பகலில் வேலையில்தான் இருக்கும். வாங்கும் உத்தரவில் ஒரு வரி சேர்த்து, விற்பவரிடம் எழுத்தில் பதில் வாங்க வேண்டிய நாள் இன்று.